ஓரக் கணக்கு

எல்லேயில் எறிபவளும் அடிப்பவளும் ஒரே அணி.
அது தெரியாத வெளியூர் அதிகாரி ஒருவர்
இமெல்டாவின் முதல் எறியைப் பார்த்துவிட்டு
"இவ்வளவு மெதுவாகவா?" என்றார்.
அவர் வாய் மூடுமுன் பந்து
டச்சுக் குடாவில் மிதந்தது.

நான் கணக்கெழுதுகிறவன்.
அச்சடித்த தாளில் ஓடியவர்க்கு நிரல் உண்டு,
பிடித்தவர்க்கு உண்டு,
எறிந்தவர்க்கு இல்லை.
தொண்ணூற்றெட்டில் ஒரு பின்னேரம்
ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்து
'இ' என்று தலைப்பிட்டேன்.
ஏனென்று அவளும் கேட்கவில்லை.

பகலில் மின்சார சபை வேலை,
பாலையூற்றில் வீடு வீடாய் மீற்றர் வாசிப்பாள்.
யாருக்கு எந்த உயரம் என்பதும்
அப்படித்தான் பாடம்:
ஜெசிந்தாவுக்கு இடுப்பளவு, கொஞ்சம் வெளியே.
நஸ்ரினுக்கு நெஞ்சுக்கு நேரே, அதுவும் இரண்டாவதாக,
முதல் பந்தை அவள் எப்போதும் விட்டுவிடுவாள்.
சுமனாவதி இடக்கைக்காரி;
அவளுக்கு எறியுமுன் மட்டும்
உள்ளங்கையை மண்ணில் துடைப்பாள்.

சோதனைச் சாவடியில் மூங்கில் பொல்லை
நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
பந்தை யாரும் கேட்கவில்லை.
அது அவள் சோற்றுப் பெட்டிக்குள் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்று. ஒரே பருவத்தில்
அவள் கையிலிருந்து புறப்பட்ட ஓட்டங்கள்
இருநூற்றுப் பதினேழு.
மாவட்டத்தில் அதற்கு முன்னுமில்லை பின்னுமில்லை
என்று நான் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.
அரையிறுதித் தாளைக்
கோட்டை மான் ஒன்று தின்றுவிட்டது.
துரத்திப்போய்ப் பிடுங்கியதில் மிஞ்சியது
ஒரு மூலை. அதில் தேதியும்
பாதி ஒன்பதும்.
பூச்சியமாகவும் இருக்கலாம்.

அலை வந்த வருடமும் அதன் பின் வந்தவையும்
கொப்பியில் வெறுந்தாள்கள்.
பிறகு தோள்.
எண்ணெய், பிளாஸ்டர், கன்னியா வெந்நீர்,
எதற்கும் மசியவில்லை.

கடைசி ஆட்டத்தில் பொல்லைக் கேட்டாள்.
பதினான்கு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.
எறிய ஒருத்தியும் எழும்பவில்லை.
நஸ்ரின்தான் பந்தை எடுத்தாள், கை நடுங்க.
முதலாவது தலைக்கு மேலே.
இரண்டாவது காலடியில்.
"இடுப்புக்கு எறி, கொஞ்சம் வெளியே" என்று
அடிக்க நின்றவளே சொல்லவேண்டி வந்தது.
மூன்றாவது
மிக நல்ல பந்து.
காற்றை அடித்தாள்.

மைதானம் முழுக்கச் சிரித்தது, அவளும்தான்.
அச்சடித்த நிரலில், அவள் பெயருக்கு நேரே,
முதன்முதலாய் ஓர் இலக்கம் எழுதினேன்.
தோளைப் பிடித்தபடி வந்து எட்டிப் பார்த்தாள்.
"பூச்சியத்தை
இன்னும் கொஞ்சம் வட்டமாய்ப் போடும்" என்றாள்.