வீட்டில் யாரும் இல்லை

கச்சான் காற்று தொடங்கிய இரண்டாம் வாரம்
எங்கள் அழைப்பு மணி தானாகக் கூவ ஆரம்பித்தது.
குயில் ஓசை என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தான்.
குயில் இல்லை,
தொண்டை கட்டிய ஏதோ ஒன்று.
உப்பு பொத்தானுக்குள் புகுந்து
இரண்டு கம்பியையும் ஒட்டவைக்க
விடியற்காலை மூன்று மணிக்குக் கூவும்.
நான் குக்கர் விசிலை எண்ணும்போது
எண்ணிக்கை தப்பக் கூவும்.
ஞாயிறு பூசை முடிந்து வந்து
கால் நீட்டிய நிமிடத்தில் கூவும்.
ஒவ்வொரு முறையும் அருளானந்து எழுந்து போய்க்
கதவைத் திறந்து
"யாரு?" என்பார் தெருவிடம்.
தெருவில் ஆடு நிற்கும்.
சில நாள் அதுவும் நிற்காது.

தங்கச்சிமடத்துக்குள் வந்த எந்தச் சாமானும்
வந்த நாளின் நிறத்தில் இருப்பதில்லை.
டிவி ரிமோட்டைப் பாலித்தீன் பைக்குள் சுற்றி
ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறோம்.
வாஷிங் மெஷின் சிவப்பில் ஏதோ எண் காட்டியது.
சீனிக் காசிம் வந்து
முதுகுப் பலகையில் ஒரு திருகைக் கழற்றியவுடன் சொன்னார்:
"உப்புக் காத்துக்கா. போர்டு போச்சு."
போன வருஷம் ஃப்ரிட்ஜுக்கும் அதுதான்.
என் முழங்காலைக் காட்டினாலும்
அதையே சொல்வார்,
சரியாகவும் இருக்கும்.

கையால் துவைத்ததைக் காயப்போட
மொட்டை மாடி ஏறினால்
கைப்பேசி நாடு விட்டுப் போய்விடுகிறது.
இலங்கைக்கு நல்வரவு என்கிறது.
ஒரு கையில் ஈரக் கைலி,
பல்லிடுக்கில் இரண்டு கிளிப்,
பாஸ்போர்ட் எடுத்ததேயில்லை நான்.
ஒருமுறை அங்கே நின்று மகளிடம் பேசியதற்கு
பில்லில் தொண்ணூறு ரூபாய் ஏறியது.
பேசியது
சாளைக்கு எவ்வளவு புளி என்பதைப் பற்றி.
நல்லவேளை, கடிகாரம் மாறுவதில்லை.
சோறு வடிக்கும் நேரம்
அக்கரையிலும் அதே நேரம்.

மணியின் கம்பியைப் பிடுங்கியது நான்தான்.
அன்றிரவு வீடு முழுசாகத் தூங்கியது.

மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது:
உங்கள் பொருளைத் தர வந்தோம்.
வீட்டில் யாரும் இல்லை.

யாரும் இல்லையா?
பதினொன்று ஐம்பதுக்கு நான்
கதவுக்கு இந்தப் பக்கம், நாலடியில்
இறால் உரித்துக்கொண்டிருந்தேன்.
அரைக் கிலோ.
ஒவ்வொன்றாய்க் கீறி, கறுப்பு நூலை உருவி.
மிக்ஸி ஓடவில்லை, டிவி ஓடவில்லை.
பையன் பொத்தானை அழுத்தியிருப்பான்.
போன் போட்டிருப்பான்.
போன் மாடிக் கைப்பிடிச் சுவரில்,
அதாவது வெளிநாட்டில்.
எங்கள் இருவருக்கும் நடுவே
ஒன்றரை அங்குல வேப்பம்பலகை.
இல்லை என்று எழுதிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறான்.
செயலி முழுக்கத் தேடினேன்.
பொருள் உடைந்திருந்தால் ஒரு பொத்தான்,
நிறம் மாறியிருந்தால் ஒரு பொத்தான்.
நான் இருந்தேன் என்று சொல்ல
ஒன்றும் இல்லை.

பெட்டியில் என்ன என்று கேட்காதீர்கள்.
சரி, கேளுங்கள்:
புது அழைப்பு மணி.
தண்ணீர் புகாது. இருபத்தெட்டு ராகம்.

மறுநாள் பத்து மணிக்கே
வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன்.
ஐஸ் ஏற்றிய வண்டி போனது.
தண்ணீர் லாரி போனது, எங்களுக்கு நிற்காமல்.
எதிர்வீட்டு லில்லி புஷ்பம்
"யாரும் வராகளா?" என்று மூன்று தடவை கேட்டாள்.
பையன் வரவில்லை.
இன்னும் ஒரு முயற்சி,
பிறகு பொருள் மதுரைக்குத் திரும்பிவிடும்
என்று சாயங்காலம் செய்தி.
மணிக்கு வந்த யோகம்,
நான் மதுரை பார்த்து ஆறு வருஷம்.

நேற்று ராத்திரி மூன்று மணி.
காற்று தகரத்தைச் சுண்டிக்கொண்டிருந்தது.
பழைய மணி சுவரில்
கம்பி இல்லாமல் சும்மா இருந்தது.
அருளானந்து எழுந்தார்.
இருட்டில் செருப்பைத் தேடினார்.
தாழ்ப்பாளை இழுத்து
"யாரு?" என்றார்.
"நான்தான்," என்றேன் பாயில் படுத்தபடி,
"வீட்டுலதான் இருக்கேன்."
சற்று நேரம் அப்படியே நின்றார்.
கதவைச் சாத்திவிட்டு வந்து
"காத்து" என்றார்.