வினைச்சொல் கடைசியில்

முருகன்குறிச்சியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பதினெட்டு நாற்காலி.
பதினோரு பேர் வந்தால்
வாடகை, கரண்டு, எட்வினா மிஸ் சம்பளம் தீரும்.
பன்னிரண்டாவது ஆள்தான் என் சோறு.

இந்த பேட்சில் பத்து.

ஹைகிரவுண்டில் நைட் டூட்டி முடித்து
டெட்டால் வாசத்தோடு வருகிற நர்சுப் பிள்ளைகள்
மேசை ஆண்பால், விளக்கு பெண்பால் என்று
கொட்டாவிக்கு நடுவே எழுதிக்கொள்கிறார்கள்.

"நூறு சதம் ஜெர்மனியில வேலைன்னு போடுங்க மேடம்,
சீட்டு ரொம்பிரும்லா" என்றார் பிளக்ஸ் மாசானம்.
போன வருஷம் முப்பத்தொரு பேர் பரீட்சை எழுதி
பத்தொன்பது பேர் பாஸ்.
அதையே அடிக்கச் சொன்னேன்.
"இதப் பாத்து யாரு வருவா?"
அடித்தார். கூலியில் குறைக்கவில்லை.

முதல் வருஷம்
கட்டிய பீஸையெல்லாம் என் பணம் என்று நினைத்து
ஏசி வாங்கினேன்.
ஐப்பசியில் வாத்தியார் ஓசூருக்குப் போய்விட்டார்.
நடத்தாத பாடத்துக்குத் திருப்பிக் கொடுக்க
வளையல் இரண்டும் சமாதானபுரம் அடகுக்கடைக்குப் போயின.
ஒன்று வந்துவிட்டது.
இப்போது நோட்டில் பீஸ் வந்ததும் கடன் பக்கம் எழுதுகிறேன்,
வகுப்பு நடக்க நடக்க
வரவுக்கு நகர்த்துகிறேன்.

உள்ளே எட்வினாவின் குரல்:
"இந்த மாதிரி வாக்கியத்துல வினைச்சொல் கடைசியில வரும்.
நமக்குப் பழக்கம்தாம்லா?"

பழக்கம்தான்.
முப்பதாம் தேதி வரை
எழுவாயை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

படியில் யாரோ ஏறுகிற சத்தம்.
ரசீதுப் புத்தகத்தைத் திறந்து
பதினொன்று என்று எண் போட்டேன்.

மீட்டர் பார்க்க வந்தவர்.