கடைமடைச் சரக்கு

ஆபரேஷன்ஸ் ஹெட் என்று அம்மா சொன்னதை
எதிர்வீட்டு மல்லிகேஸ்வரி வேறுமாதிரி எடுத்துக்கொண்டு
பித்தப்பைக் கல்லின் ஸ்கேனோடு வந்து நின்றாள்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பார்த்துச் சொல்லவும் செய்தேன்.
பதினாறு வருஷப் பழக்கம்.

தஞ்சாவூரில் எட்டுக் கட்டில் ஐசியு.
எட்டுப் பேரின் பெயரும் தெரியும்
எட்டுப் பேரின் மூத்திர அளவும் தெரியும்.
நான்காம் கட்டிலுக்கு ஓர் இரவு
மாட்டப்போன பாட்டிலைக் குலுக்கியபோது
உள்ளே ஓர் இழை,
தலைமுடியில் பாதி.
வேறு பாட்டில் மாட்டிவிட்டுப்
புகார்த் தாள் எழுதினேன்.
எங்கே போனதோ, யாரும் கேட்கவில்லை.
அதைத்தான் நேர்காணலில் காரணமாகச் சொன்னேன்.
முதுகுவலியைச் சொல்லவில்லை,
சம்பளத்தையும்.

இப்போது நீடாமங்கலம் சாலை.
இருபுறமும் சம்பா
நடுவில் வெள்ளைத் தகரக் கூரை.
ஒரு ஷிப்டுக்கு இருபதாயிரம் பாட்டில் உப்புநீர்.
தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் பழையபடி.
கட்டில் மட்டும் இல்லை.
'நர்ஸம்மாவுக்கு வால்வு தெரியுமா'
முதல் வாரம் யாரோ கேட்டது காதில் விழுந்தது.
இதயத்தில் நாலு தெரியும் என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
இங்கே இருப்பது நூற்றுப் பதினெட்டு.
மூன்று மாதத்தில் ஒவ்வொன்றின் இருமலும் தெரிந்துவிட்டது.

ஐப்பசி. ஊரெங்கும் டெங்கு.
ஃபில்டர் சோதனை
ஊசிமுனை அளவு தோற்றது.
பதினெட்டாயிரத்து நானூறு பாட்டில்
சிவப்பு நாடாவுக்குள் நின்றன.
சென்னையிலிருந்து குரல்:
'எப்படியும் கொதிக்கத்தானே போகுது மேடம்?'
அரைமணி கழித்துத் திருவாரூரிலிருந்து யாஸ்மின்,
என்னோடு இரவு ஷிப்டு பார்த்தவள்:
'வராண்டாவுல படுக்க வெச்சிருக்கோம்டி,
சரக்கு எப்ப வரும்?'
இரண்டு பேருக்கும் ஒரே பதில்.
சென்னை இரண்டு நாள் வாதாடியது.
யாஸ்மின் போனை வைத்துவிட்டாள்.
மூன்று வாரம் பேசவில்லை.

பாட்டில்களை அறுத்துக் கொட்டினோம்.
வாய்க்காலில் விடக் கூடாது,
பக்கத்து வயலில் நடவு பச்சை பிடிக்கிற நேரம்.
கழிவுத் தொட்டி விளிம்புவரை வந்தது.
கண்ணீரளவு உப்பு என்று எழுதினால்
அழகாகத்தான் இருக்கும்.
அறிக்கையில் நான் எழுதியது
நஷ்டம், மூன்று லட்சத்துச் சொச்சம்.
அந்த வராண்டாவுக்கு அதில் பத்தி இல்லை.

நான்காம் நாள் அடுத்த பேட்ச் தேறியது.
நடுநிசியில் லாரி ஏற்றினோம்.
மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை.
கடைசியில் இறங்குவது முதலில் ஏறணும் மேடம்
என்றார் டிரைவர் அமலதாஸ்,
எனக்குத் தெரியாது என்று நினைத்து.

அப்பாவின் வயல் கடைமடை.
முறை வந்து தண்ணீர் எட்டிப்பார்க்கும்போது
மேல்மடையில் களையெடுத்து முடித்திருப்பார்கள்.
ஆறு ஒருநாளும் மாற்றாத வரிசையை
ஒரு லாரி தலைகீழாக்குவதைப் பார்த்துக்கொண்டு
முத்துப்பேட்டைப் பெட்டிகள் ஏறும்வரை
மழையில் நின்றேன்.
வேறு வேலை இல்லாதவள் மாதிரி.
நீடாமங்கலம் ரயில்வே கேட்தான்
மேல்மடை கீழ்மடை பார்ப்பதில்லை,
எல்லோரையும் ஒரேமாதிரி நிறுத்தும்.

தை மாதம், இருப்புக் கணக்கு பார்க்க
அதே முத்துப்பேட்டை ஆஸ்பத்திரி.
சன்னலோரக் கட்டிலில் ஒருவர்,
அலையாத்திக் காட்டில் நண்டு பிடிப்பவராம்.
அவர் முகத்துக்கு முன்னால்
பாட்டிலின் பேட்ச் எண்ணைத்தான் படித்தேன்.
படித்தது உறைத்த பிறகே
கீழே பார்த்தேன்.

'சிஸ்டர், தண்ணி தீரப்போவுது.'

புடவை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல்.
எதைப் பார்த்துச் சொன்னாரோ.
கடிகாரம் பார்க்காமல் சொட்டை எண்ணினேன்.
'இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு.
தூங்குங்க.'

வாசலில் அமலதாஸ் ஹாரன் அடித்தார்.
ஒரு தரம். மறுபடி.
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.