ஓடைக்கு இந்தப் பக்கம்

காளவாசலில் கலீல் பாய்
நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்துவிட்டு
ஐந்தாவதைக் கேட்டார்.
சீட்டுக்குப் பின்னால் அது
மூன்று வருடமாக மூச்சில்லாமல் கிடந்தது.
"காட்டுக்குப் போறீங்க, இதைத்தாம்மா முதல்ல பார்க்கணும்."
அதற்கும் ஊட்டினார். முப்பது ரூபாய்.

சகாயமேரி வீட்டுக் காலண்டரில்
சனிக்கிழமைத் தாளின் மேல் எழுதி வைத்தேன்:
வெள்ளை ஆம்னி. வண்டி நம்பர். ரெண்டு பேர்.
மூணுபாறை முகாம், எழுமலைக்கு மேற்கே.
ஏழு மணிக்குள் நான் பேசாவிட்டால்
ரேஞ்சர் ஆபீஸுக்கு இந்த நம்பர்.
"உயில் மாதிரி இருக்கே" என்று சிரித்தாள்.
கிழித்துவிடாதே என்றேன்.

செக்கானூரணி தாண்டியும்
கோதாவரி பேசிக்கொண்டே வந்தாள்.
கருவூலத்தில் இருபது வருடமாகப் பக்கத்து மேசை,
பேச்சுக்குப் பஞ்சமா.
உசிலம்பட்டியில் டேங்கை நிரப்பினேன்,
பாதி போதும் என்றவளைக் கேட்காமல்.
எழுமலைக்கு அப்புறம் கடையில்லை.
கடைக்கு அப்புறம் தாரில்லை.
தாருக்கு அப்புறம் போனில் ஒரு கோடுகூட இல்லை.
கடைசியாகத்தான் அவள் பேச்சு நின்றது.

செக்போஸ்ட் பேரேட்டில்
எங்களை எழுதிக்கொண்டார் ஒச்சப்பன்.
ஹாரன் அடிக்கக் கூடாது.
பாட்டு வேண்டாம்.
மாடு நின்றால் நீங்களும் நில்லுங்கள்,
அது கோயில் மாடு இல்லை.

நின்றது.
வெள்ளைக் காலுறை போட்ட கரும்பாறை.
இன்ஜினை அணைத்தேன்.
பாதையின் நடுவில் அது அசைபோட்டு முடிக்கும்வரை
இருபத்தாறு நிமிடம்
நாங்கள் இருவரும் அரசு ஊழியர்கள் என்பது
யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஓடை.
எங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தது,
மழை எங்கேயோ மலைமேல்.
டீக்கடைச் சல்லடை வழி இறங்குவதுபோல்
சிவந்த தண்ணீர், நுரையோடு.
அக்கரையில், கூப்பிடு தூரத்தில்
முகாமின் தகரக் கூரை.
"முழங்கால்தான் இருக்கும்,
ஒரே அமுக்கு, போயிரலாம்" என்றாள்.

கூடாரத்துக் கம்பியை எடுத்து
கரையோரமாக விட்டுப் பார்த்தேன்.
மூன்றாம் இணைப்பு வரை முங்கியது.
அடி தட்டவில்லை.
தண்ணீர் கம்பியைத் தனக்குக் கேட்டது,
வெடுக்கென்று, பிள்ளைகள் கேட்பதுபோல்.
பிடுங்கிக்கொண்டேன்.

வண்டியைத் திருப்ப இடமில்லை.
ஒருபக்கம் பள்ளம், ஒருபக்கம் ஈச்சம்புதர்.
ரிவர்ஸ் விளக்கின் வெள்ளைக்குள்
புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கோதாவரி பின்னால் நடந்தாள்.
நான் கண்ணாடியில் அவளை மட்டும் பார்த்தேன்.
ரைட்... ரைட்... லெஃப்ட்ல ஒடி...
ஏய், நில்லு, கல்லு!
கண்டக்டர் வேலைக்குப் போயிருக்கலாம் அவள்.
பென்ஷன் பைல்களில் அவள் குரல்
எங்கே போயிருந்தது இத்தனை நாள்?

அரை கிலோமீட்டர்.
என் கழுத்து திருகிக்கொண்டது.

செக்போஸ்ட்டை அடைந்தபோது
ஏழாகப் பத்து நிமிடம்.
உள்ளே வயர்லெஸ் கரகரத்துக்கொண்டிருந்தது:
"வெள்ளை ஆம்னி... ரெண்டு பேர்... லேடீஸ்..."
சகாயமேரி ஏழு வரை பொறுக்கவில்லை.
என் கையெழுத்தை
யாரோ ஒருவர் இருட்டில்
உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒச்சப்பன் எங்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்,
சேற்றுக்கால், கம்பி, ஈச்சமுள் கீறிய கை.
பொத்தானை அமுக்கினார்.
"இருக்காங்க. ஓவர்."

செக்போஸ்ட்டுக்குப் பின்னால் கூடாரம் அடித்தோம்.
ஒரு கம்பி சற்றே வளைந்துவிட்டதால்
கூரை ஒருக்களித்து நின்றது.
தூக்கம் வருமுன் கோதாவரி சொன்னாள்:
"ஸ்டெப்னியைத் தொடவே இல்லையே.
முப்பது ரூபாய் வீண்."