குறுக்கே ஒரு துரும்பு

அக்டோபர் இருபத்தாறு.
எல்ஜினிலிருந்து தம்பி இன்னிஸ் அனுப்பியது ஒரே சொல்:
“தூங்கிவிட்டது.”

எது என்று நான் கேட்கவில்லை.
மூன்று வருடமாய் எங்களுக்குள் போய்வருவது
முள்ளெலிச் சேதி மட்டும்தான்,
அப்பாவின் வீட்டை விற்ற பணம்
நடுவில் வந்து படுத்துக்கொண்டதிலிருந்து.

கண்டுபிடிப்பது எளிது.
வேலிப் புதரடியில் மரப்பெட்டி.
இருட்டியதும் அதன் வாசலில்
ஒரு வைக்கோல் துரும்பைக் குறுக்கே நிறுத்து.
காலையில் விழுந்திருந்தால்
உள்ளே இருப்பவர் ஊர் சுற்றி வந்திருக்கிறார்.
ஐந்து காலை அசையாமல் நின்றால்
ஓசைப்படாமல் நட.

வடக்கே அவனுக்கு ஐந்தும் நின்றுவிட்டது.
இங்கே ஃபால்மவுத்தில், நவம்பர் பத்து,
என் துரும்பு தினமும் விழுகிறது.
கடல் வெதுவெதுவென்று மூச்சுவிடும் ஊர் இது.
ரோஜாச் செடிக்கு மாதம் மறந்துபோனது,
நத்தைகள் இன்னும் கடை கட்டவில்லை.

பக்கத்து வீட்டு டெம்ப்ஸி
நாளிதழில் தேதி பார்த்துச் சொன்னார்:
“நவம்பர் முதல் வாரம் என்று போட்டிருக்கிறதே.”
போட்டிருக்கும். முள்ளெலி படிக்க வேண்டுமே.

கிழட்டு ஆண் எப்போதோ படுத்துவிட்டது.
அதன் காதல் கோடையோடு சரி,
பிறகு தின்பதைத் தவிர வேலையில்லை.
தாய்க்கு அப்படியா?
பாலாய்க் கொடுத்த உடம்பை
வண்டு வண்டாய்த் திரும்பச் சேர்க்க வேண்டும்.
எல்லோருக்கும் கடைசி,
செப்டம்பரில் பிறந்த இந்தக் குட்டி.

கேக் மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன்.
சுருண்டு ஒரு முள்ளுருண்டை.
நானூற்றுப் பத்து கிராம்.
உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டென்பார்கள்;
இங்கே உண்டவருக்கு மட்டுமே உறக்கம்.
கொழுப்பில்லாமல் படுத்தால்
மார்ச்சில் பெட்டியைத் திறக்க எனக்குத் துணிவு வராது.

“உன்னுடையது?” என்றான்.
“இல்லை. நானூற்றுப் பத்து.”
“பூனை பிஸ்கட் போடு.”
“போடுகிறேன்.”
“உனக்கென்ன, தெற்கில் இருக்கிறாய்.”

கடைசி வாக்கியத்தை
அப்பாவின் அடக்கத்தன்றும் சொன்னான்.
அன்று நானும் சொன்னேன்:
அவருக்காக நீ ஒரு துரும்பைக்கூட
எடுத்துப் போட்டதில்லை.

எழுநூறு மைல் தள்ளியிருந்து சொன்னேன்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன்:
ஆபரேஷன் செய்த முழங்காலை மடக்கி
உறைபனிப் புல்லில்
ஒவ்வொரு மாலையும் அவன் குனிவதை,
விரல் மரத்துப்போய்
ஒரே ஒரு துரும்பை நேராக நிறுத்துவதை.

டிசம்பர் பதினான்கு. ஒருவழியாகப் பனி.
குட்டி அறுநூற்று நாற்பது.
ஒன்று நின்றது. இரண்டு. மூன்று.
நான்காம் இரவு காற்று; எழுந்து போய்ப் பார்த்தேன், நின்றது.
ஐந்தாம் காலை
நிமிடத்துக்கு இருநூறு துடித்த நெஞ்சு
இருபதுக்கு இறங்கியிருக்கும் என்று
கையுறையைக் கழற்றாமலே தட்டச்சு செய்கிறேன்,
‘தூங்கி’ வரை வந்தபோது
அவன் செய்தி முந்திக்கொண்டது:

“என்னுடையது எழுந்துவிட்டது.
திடீரென்று இங்கே சூடு, பத்து டிகிரி.
துரும்பு விழுந்து கிடக்கிறது.
நான் ஏதாவது தப்பு செய்தேனா, மோர்வென்?”

பதில் எழுதவில்லை. அழைத்தேன்.
நான்காவது மணியில் எடுத்தான்.

தப்பில்லை என்றேன். நடுவில் எழும், எல்லாமே எழும்.
தண்ணீர் வை, கொஞ்சம் தீனி வை,
குளிர் திரும்பினால் தானே போய்ப் படுக்கும்.
“ம்” என்றான்.
அவன் சமையலறையில் கெட்டில் கொதித்து அடங்கியது.
வேறொன்றும் பேசவில்லை.
போனையும் யாரும் வைக்கவில்லை.