மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்

குளியலறைக்கென்று வங்கி ஒரு தொகை கொடுத்தது.
குளியலறை வேறொரு தொகை கேட்டது.
நடுவில் நானும் ஒட்லைவும்,
சமையல் மேசையில் விரித்த வரைபடமும்.

பென்சிலால் தொட்டியை வைத்தோம், அழித்தோம்,
ஜன்னலோரம் நகர்த்தினோம், மறுபடி அழித்தோம்.
அந்த இடத்தில் தாள் மெலிந்து மெலிந்து
அடியிலிருந்த மேசையின் நிறம் தெரிந்தது.
புது வீட்டில் முதல் ஓட்டை
அங்கேதான் விழுந்தது.

ஹார்ஸ்டாடில் நவம்பர்.
மதியம் இரண்டுக்கே விளக்குப் போட வேண்டும்.
நெற்றியில் இன்னொரு விளக்கைக் கட்டிக்கொண்டு வந்தான்
போகுமில், டைல்ஸ் பதிப்பவன்,
போலந்திலிருந்து வந்து ஒன்பது குளிர்காலம் கண்டவன்.
"தண்ணீருக்கு உங்கள் மொழியும் தெரியாது
என் மொழியும் தெரியாது.
பள்ளம் மட்டும் தெரியும்" என்றான்.
மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்.
காலுக்குத் தெரியக் கூடாத சாய்வு,
தண்ணீருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய சாய்வு.

தரைக்கடியில் சூடேற்றும் கம்பி,
ஒரே கம்பி,
அறை முழுக்கத் திரும்பித் திரும்பிப் போய்
ஓரிடத்திலும் தன்னைத் தொடாமல்.
அதன்மேல் நீர் புகாத நீலப் பூச்சு,
காய்ந்தபின் இன்னொரு தடவை.
இரண்டு நாள் அந்த நீலத்துக்குள்
கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்த்தேன்.
அதை மூடத்தான் போகிறோம் என்பது
எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சாம்பல் நிற டைல்ஸ் பதித்து முடித்த அன்று
ஒரு வாளித் தண்ணீரை அவனே ஊற்றினான்.
மூவரும் நின்று பார்த்தோம்.
தண்ணீர் யோசித்தது.
வடிகாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
கதவை நோக்கி நடந்து வந்து
ஒட்லைவின் காலுறையை நனைத்தது.

போகுமில் தன் மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னான்.
அர்த்தம் கேட்கவில்லை.
சுத்தியல் எடுத்து
பதினொரு டைல்ஸைப் பெயர்த்தான்.
கம்பி அறுந்துவிடுமோ என்று
ஒவ்வொரு அடிக்கும் என் பல் கூசியது.
அறவில்லை.
அந்த வாரக் கூலியை அவன் வாங்கவுமில்லை.

பிறகு கண்ணாடி.
ஒட்லைவ் ஆறடி ஐந்தங்குலம்.
நான் செருப்போடு ஐந்தடி.
"எந்த உயரத்தில்?" என்று கேட்டு
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான் போகுமில்.
அவருக்குச் சரியாக இருந்தபோது
எனக்கு என் வகிடு மட்டும் தெரிந்தது.
எனக்காக இறக்கியபோது
ஒட்லைவ் தலையில்லாத ஒரு சட்டை,
மேலிருந்து மூன்றாவது பொத்தான் தொங்குகிறது.

பதினான்கு வருடம் வாடகை வீடுகளில்
சாப்பாட்டுத் தட்டளவு கண்ணாடியில்
முறை போட்டுப் பல் துலக்கியவர்கள்.
படுக்கையில் எங்கள் முகங்கள் ஒரே உயரம்.
நின்றுகொண்டு ஒன்றாக
எதிலும் எங்களைப் பார்த்ததில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
நான் நுனிக்காலில் எம்பினேன்.
அதே நேரம் அவர் முழங்காலை மடக்கினார்.
இப்போது அவர் எனக்குக் கீழே.

"ஆயுசுக்கும் இப்படியே நிற்பீர்களா?
எனக்குக் கை வலிக்கிறது" என்றான் போகுமில்.
கண்ணாடியை அப்படியே நெட்டுக்குத் திருப்பினான்.
இருவருக்கும் முகம் வந்தது,
நெருங்கி நின்றால் மட்டும்.

இரண்டு கை கழுவும் தொட்டி வேண்டுமென்று
நான்தான் சண்டை போட்டு வாங்கியிருந்தேன்.
இரண்டாவதற்குச் சுவரில் இடம் போயிற்று.
அதன் குழாய் மூடி போட்டுக்கொண்டு சுவருக்குள் இருக்கிறது.
தொட்டி கார் கொட்டகையில்,
இந்த வருடத்து உருளைக்கிழங்கு அதில்தான்.

குடி வந்து நான்கு மாதம்.
மின்கட்டணம் பற்றிப் பேச வேண்டாம்.
இன்னும் சில காலைகளில் கதவோரம் குனிந்து
பல் துலக்கும் குவளையால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.
"என்ன செய்கிறாய் சோல்வி?" என்கிறார் ஒட்லைவ்,
வாயில் நுரையோடு.
ஒன்றுமில்லை என்கிறேன்.
தண்ணீர் கொஞ்சம் தயங்குகிறது.
போகிறது.