ஒரு விரற்கடை

காலை ஒன்பதே கால்.
பார்வையாளர் வருமுன்
சேர்வராயன் மலையை
அதன் இடத்தில் வைத்தாக வேண்டும்.

கூரையில் மூன்று புரொஜெக்டர்கள்.
கீழே பன்னிரண்டடி மேசையில்
வெள்ளைப் பிளாஸ்டர் மலை.
இரவெல்லாம் சூரமங்கலத்தில் சரக்கு ரயில் போகும்,
அதிர்வில் ஏதோ ஒரு திருகாணி
மயிரிழை தளரும்.
கூரையில் மயிரிழை என்றால்
மலையில் ஒரு கிராமம்.

நேற்று ஏற்காட்டு ஏரி
கரையேறிக் காப்பித் தோட்டம் தாண்டி
சுவிட்சுப் பெட்டியின்மேல் கிடந்தது.
இருபது கொண்டை ஊசி வளைவில் ஏழு
மேசை விளிம்பைத் தவறவிட்டு
என் செருப்பில் வளைந்துகொண்டிருந்தன.
அம்புக்குறியைத் தட்டித் தட்டி
ஏரியைக் குழிக்குள் இறக்கினேன்,
பள்ளி வேனில் ஏற மாட்டேனென்னும் என் மகனை
ஏற்றுகிற அதே பொறுமையோடு.

எல்லாம் பொருந்தும், ஒரு குன்றைத் தவிர.
வடக்கு ஓரம்.
அங்கே மட்டும் வெளிச்சம் சுருங்கும்.
மட்டமான நிலத்துக்கு உரிய செம்பழுப்பு
கூம்பிய உச்சியில் ஏறி
அளவு தப்பித் தைத்த சட்டையாய்
அக்குளில் இழுக்கும்.

எட்டு மாத மல்லுக்கட்டு.
லென்ஸைத் துடைத்தேன், கோணம் மாற்றினேன்.
புனேயிலிருந்து வந்த பொறியாளர்
"மென்பொருள் சரி. உங்க மலைதான் தப்பு" என்று
டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வியாழக்கிழமை மலையிலிருந்தே ஒரு பள்ளி வந்தது.
கை நீட்டினால் மழை, அதுதான் விளையாட்டு.
மேலிருக்கும் சென்சார்
கையை மேகமென்று நம்பிவிடும்.
நாற்பது பிள்ளைகள், எண்பது மேகம்.
திருமணிமுத்தாறு பொங்கி
ஐந்து ரோட்டில் நீலம் தேங்கியது.
"இது மட்டும் நெசம்" என்றார் எஸ்தர் டீச்சர்.
காலக் கைப்பிடியை ஒருவன் சுழற்ற
இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள்
நான்கு நொடியில் பின்னால் ஓடின.
பாறையெல்லாம் பூமிக்கடியில்
வெந்துகொண்டிருந்த காலத்தில் நின்றுகொண்டு
அவன் சிப்ஸ் தின்றான்.

அனுசுயா மேகமாகவில்லை.
'தொடாதீர்கள்' பலகையை ஒட்டி நின்று
அந்தக் குன்றின் தலையில் கை வைத்தாள்.
"இங்க இவ்ளோ உசரம் இல்லைங்க மேடம்."

எவ்வளவு என்றேன்.
ஒரு விரலைப் படுக்க வைத்துக் காட்டினாள்.
"இவ்ளோ கம்மி. அப்பா லாரியில
எறக்கிட்டுப் போயிட்டாங்க."
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்
சொல்லும் குரல்தான் அது.

மாலையில் பழைய கோப்பைப் பிரித்தேன்.
அச்சு வார்த்தவர்கள் கையிலிருந்தது
ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நில அளவை.
நான் வீசுவதோ
போன வருஷச் செயற்கைக்கோள் படம்.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு விரற்கடை பாக்சைட்.
இத்தனை நாள் நான் பிழையென்று திருத்தியது அதைத்தான்.

செதுக்கிவிடலாமா என்றார் ஜெரால்டு சார்.
மதிப்பீடு கேட்டுக் கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது.
அதுவரைக்கும் உச்சிமேல்
கறுப்பில் ஒரு முகமூடி வரைந்திருக்கிறேன்.
எங்கள் வேலையில் கறுப்பு நிறமல்ல,
'இங்கே விழாதே' என்று
வெளிச்சத்துக்குச் சொல்வது.

சுற்றிலும் பெய்யும் மழை
அங்கே பெய்வதில்லை.
"பல்பு போயிடுச்சா?" என்கிறார்கள் பிள்ளைகள்.
ஒரு நாள் ஆமாம் என்றேன்.
மறுநாள் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன்,
பாதியில் டைனோசர் அறைக்கு ஓடிவிட்டார்கள்.

ஐந்தரைக்கு அணைக்கிறேன்.
காடு, ஏரி, சாலை எல்லாம் போய்
ட்யூப் லைட்டில் வெறும் பிளாஸ்டர்.
வடக்கு ஓரத்தில் அந்த உச்சி
வார்த்தபடியே நிற்கிறது,
தலையில் எண்ணெய்க் கை அழுக்கோடு.
தூரிகையால் தூசு தட்டுகிறேன்,
அதை விட்டுவிட்டு.

சூடு தணிய மூன்று நிமிடம்
புரொஜெக்டர் விசிறிகள் ஓடும்.
அவை நிற்காமல்
மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது.